பெட்டியைத் திறக்கச் சொன்னவன்

அந்தக் கேஸுக் கட்டு மேல சாயாதீங்க சார், சட்டையில ஒட்டிக்கிரும். மஞ்சள். வெள்ளைச் சட்டை வேற போட்டிருக்கீங்க. கொஞ்சம் இப்பிடித் தள்ளி வச்சுக்கிறேன். உக்காருங்க, பெஞ்சு கோர்ட்டோடது, என்னுது இல்ல.

நீங்க என்ன கேஸு? ஆக்சிடென்ட்டா. கால்லயா அடி? சரியாப் போயிரும் சார். உங்களுது பரவால்ல, இடிச்சவன் யாருன்னு தெரியும். நம்மளது எலெக்‌ஷன் கேஸு. பேப்பர்ல பாத்திருப்பீங்களே, கோம்பைப்புதூர் ஊராட்சி, ஓட்டுப்பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒருத்தன் பஸ் ஸ்டாப்புல உண்ணாவிரதம் இருந்தான்னு. போட்டோவோட வந்துச்சு. பாக்கலையா. அது நான்தான். தவசிலிங்கம்.

அந்தா, வேப்ப மரத்தடியில தூக்குவாளியோட ஒரு பொம்பள உக்காந்திருக்கா பாருங்க, பச்சைச் சேலை. அதான் நம்ம வீட்டுல. அன்னக்கொடின்னு பேரு. இந்த மஞ்சள் அவ வேலைதான். எந்தப் பேப்பர் அவ கையில வந்தாலும் விடமாட்டா. மோதிர விரலால கீழ் மூலையில மஞ்சள் ஒரு பொட்டு, அது நடுவுல கடுகு மாதிரி குங்குமம் ஒரு பொட்டு. மத்தவங்க கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலயும் வைப்பாங்க. இவ கரண்டு பில்லுக்கும் வைப்பா. ஒரே மூலை, வலது பக்கம் கீழ. கேட்டா, அந்த இடத்துலதான் எழுத்து இருக்காது, அழியாதும்பா. சுருக்குப்பையில ஒரு சிமிழு இருக்கும், அது இல்லாம வாசப்படி தாண்டமாட்டா.

ஊருல மகளிர் குழுவுக்கு அவதான் தலைவி. அதனால எங்க ஊருல எந்தப் பொம்பள பாஸ்புக்கை எடுத்தாலும் அந்தப் பொட்டு இருக்கும். பேங்க்குல மேனேஜரே சிரிப்பாரு. இந்தக் கேஸுக் கட்டுலயும் ஒவ்வொரு தாளா வச்சிருக்கா. நான் ஒண்ணும் சொல்றதில்ல. பொம்பளைங்க நம்பிக்கை, நமக்கென்ன.

விஷயத்துக்கு வரேன். உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? ரெண்டு மணிக்கு மேலதான் அம்மா வருவாங்க. ஜட்ஜம்மாவச் சொல்றேன்.

நான் தலைவருக்கு நின்னேன் சார். எதுத்து நின்னவன் சன்னாசி, மாவு மில்லு வச்சிருக்கான். நமக்குக் கத்தரிக்காய்ச் சின்னம், அவனுக்கு ஏணி. எங்களுக்கு மிஷின் கிடையாது, ஊராட்சிக்கு இன்னமும் சீட்டுதான். சின்னத்து மேல முத்திரையக் குத்தி, மடிச்சு, பெட்டியில போடணும். அப்பிடி எண்ணி, எண்ணி, கடைசியில ஒரே ஒரு ஓட்டுல நான் தோத்துட்டேன்னு சொன்னாங்க. ஒரு ஓட்டு சார். நூறு ஓட்டுல தோத்திருந்தா வீட்டுல படுத்துத் தூங்கியிருப்பேன். ஒரு ஓட்டுல தோத்தவனுக்குத் தூக்கம் எங்க வரும்? யார் மூஞ்சியப் பாத்தாலும் இவனா இருக்குமோ, இவளா இருக்குமோன்னுதான் தோணும். டீக்கடைக்காரன் சீனி கம்மியாப் போட்டாக்கூட சந்தேகம் வரும்.

நான் ஓட்டுக் கேக்காத வீடு கிடையாது. மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, தோட்டத்து வீடு, எல்லா வாசல்லயும் போயி நின்னு கும்பிட்டேன். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்கும் போனேன். நாய் கடிச்ச வீட்டுக்கும் மறுபடி போனேன். சன்னாசியும் அப்பிடித்தான். அவனுக்கு வெக்கமே கிடையாது சார், நான் இல்லாத நேரம் பாத்து என் வீட்டுக்கே வந்திருக்கான். வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னு, "மதினி, ஒங்க ஓட்டையும் கேக்கணும்ல, யோசிச்சுப் போடுங்க"ன்னு சொல்லியிருக்கான். இவ ஒரு சொம்பு தண்ணி குடுத்து அனுப்பியிருக்கா. சாயங்காலம் நான் வந்ததும் இவ சொன்னப்ப எங்க ஆளுங்களோட சேந்து விழுந்து விழுந்து சிரிச்சேன். எதிரி வீட்டுலயே வந்து ஓட்டுக் கேக்குறான் பாரு கோட்டிக்காரன்னு.

நான் இவகிட்ட கேட்டேனான்னா கேக்குறீங்க? நல்லாருக்கு. வீட்டுல போயி யாராச்சும் ஓட்டுக் கேப்பாங்களா சார்?

ஓட்டுக்கு நம்ம பக்கம் பலம் எங்க இருந்து வந்துச்சுன்னா, ஒன்றியம். ஒன்றியச் செயலாளரத்தான் நாங்க ஒன்றியம்னு சொல்லுவோம், பேரு சொல்ற வழக்கம் இல்ல. அவரு சொன்னா மேலத்தெரு மொத்தமா விழும். அவருக்கு ஒரு பையன். எனக்கு ஒரு பொண்ணு, பூங்கோதை, அப்ப நர்ஸிங் படிச்சுக்கிட்டிருந்தா. "தவசி, நீ ஜெயிச்சு வா, மறு முகூர்த்தத்துல நம்ம சம்பந்தி"ன்னாரு. எப்பேர்ப்பட்ட இடம். பையனுக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, இல்லேங்கல. ஒரு தடவ பஸ்ஸ்டாண்டுல யாரையோ பாட்டிலால அடிச்சுட்டான்னு கேஸு. வயசுப் பிள்ளைக்கு அதெல்லாம் ஒரு கால்கட்டுப் போட்டா சரியாப் போகும். இவதான் மூக்கால அழுதா. பிள்ளை படிப்பை முடிக்கட்டும், அந்த வீடு வேணாம்னு ராத்திரி பகலா ஒரே நச்சரிப்பு. அரசியல் உனக்கு என்ன தெரியும், நீ பேசாம இருன்னு சொல்லிட்டேன். பேசாம இருந்துட்டா. அதுல அவளைக் குத்தம் சொல்ல முடியாது, பேசாம இருன்னா பேசாம இருந்துருவா.

தோத்த மறுநாளே ஒன்றியம் போனை எடுக்கல. சம்பந்தம் அப்பிடியே அந்துபோச்சு. பொண்ணு படிப்பை முடிச்சா, இப்ப கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரியில இருக்கா. அம்மாவுக்கு மட்டும்தான் போன் பண்ணுவா. ஸ்பீக்கர்ல போடுன்னு நான் சொன்னா, "சாப்ட்டீங்களாப்பா"ன்னு ஒரு வார்த்தை. அந்தக் காலத்துப் பிள்ளைங்க மாதிரி இல்ல சார் இப்ப. எதுக்குக் கோவம்னே தெரியல. அவளுக்கு நல்ல இடம் போச்சேன்னு நான்தான் கோவப்படணும்.

சரி, கேஸுக்கு வாங்க. எண்ணுனதுல தப்பு இருக்கு, பெட்டியைத் திறந்து காட்டுங்கன்னு யூனியன் ஆபீஸ்ல போயி நின்னேன். அது சீல் வச்சு கருவூலத்துல இருக்கு, எங்களாலயே தொட முடியாதுன்னாங்க. தகவல் உரிமையில கேட்டேன். ஓட்டுச் சீட்டு ரகசியம், குடுக்க முடியாதுன்னு பதில் வந்துச்சு. என்ன ரகசியம்? என் ஊரு ஓட்டு, என் ஊரு ஜனம் போட்டது, அதை ஜனம் பாக்கக் கூடாதா? அதான் பஸ் ஸ்டாப்புல உக்காந்தேன். அப்புறம் இங்க வந்தேன். வாய்தா, வாய்தா, வாய்தா. அஞ்சு வருஷப் பதவியில நாலு வருஷம் இந்த பெஞ்சுலயே போச்சு. வீட்டுல இவ, போதும் விட்டுருங்க, போதும் விட்டுருங்கன்னு கால்ல விழாத குறை. பயந்தாங்கொள்ளி. கோர்ட்டு கேஸுன்னா பொம்பளைக்குப் பயம்தான். நீ பேசாம இருன்னேன்.

போன மாசம் ஆர்டர் வாங்கிட்டேன் சார். பெட்டியைத் திறக்கணும். அது மட்டும் இல்ல, நான் வக்கீல்கிட்ட நின்னு அடிச்சுச் சொன்னேன், மூடின கதவுக்குள்ள எண்ணக் கூடாது, எங்க ஊராட்சி வாக்காளர் யாரு வேணாலும் அட்டையக் காட்டி உள்ள வந்து பாக்கலாம், ஒவ்வொரு சீட்டையும் பாக்கலாம், தொடத்தான் கூடாதுன்னு எழுதி வாங்கணும்னு. வக்கீல் கதிரேசனே, எதுக்குண்ணே இவ்வளவுன்னாரு. ஜட்ஜம்மா குடுத்துட்டாங்க. ஊருல வெடி போட்டேன். போஸ்டர் அடிச்சேன், "மூடிய பெட்டி திறக்கிறது, உண்மை வெளிவருகிறது"ன்னு என் போட்டோவோட. இன்னைக்கு ரெண்டு வேன்ல ஜனம் வந்திருக்கு. அவன் ஆளும் வந்திருக்கு, என் ஆளும் வந்திருக்கு. டீயும் வடையும் என் செலவு.

காலையில பெட்டிய உடைச்சாங்க. நான் சொன்னது சரியாப் போச்சு சார். கத்தரிக்காய்க்கு விழுந்த ஒரு ஓட்டை, முத்திரை லேசா இருக்குன்னு அன்னைக்குச் செல்லாததுல தள்ளி வச்சிருந்திருக்காங்க. அம்மா பாத்துட்டு, இது செல்லும்னு சொல்லிட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் சமம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கூட்டத்துல நம்ம ஆளு ஒருத்தன் கையத் தட்டி, போலீஸ்கிட்ட திட்டு வாங்குனான். அந்த நேரம் பாத்து போனு. யாருன்னு நினைக்கிறீங்க? ஒன்றியம். நாலு வருஷமா எடுக்காத மனுஷன். வெளிய வந்து எடுத்தா, "என்ன சம்பந்தி, நல்ல சேதி வருதே"ங்கிறாரு. சம்பந்தின்னு கூப்பிட்டாரு சார். பையன் இன்னமும் சும்மாதான் இருக்கானாம். ஸ்பீக்கர்ல போட்டு இவளையும் கேக்க வச்சேன். மூஞ்சியில ஒரு சந்தோஷம் இல்ல. சிமிழைத் திறந்து திறந்து மூடிக்கிட்டிருந்தா.

அப்புறம் நான் உள்ள போனேன். வக்கீல் என்னைக் கையக் காட்டி மேசைகிட்டக் கூப்பிட்டாரு. ஏணிக் கட்டைப் பிரிச்சு ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டிருந்தாரு. ஒரு சீட்டுல வெரல நிப்பாட்டி, "அண்ணே, இதைப் பாருங்க"ன்னாரு.

ஏணி மேல முத்திரை. அழுத்தமா, நேரா, கொஞ்சம்கூட கோடு தாண்டாம. கீழ வலது மூலையில மஞ்சள் ஒரு பொட்டு. அது நடுவுல கடுகு மாதிரி.

நாலு வருஷம் ஆகியும் அந்த மஞ்சள் அப்பிடியே இருக்கு சார். குங்குமம்தான் கொஞ்சம் கருத்திருக்கு.

வக்கீல் என்னமோ சொல்லிக்கிட்டிருந்தாரு, ரெண்டாந்தடவை சொன்னப்பதான் விளங்குச்சு. சட்டம் என்னன்னா, ஓட்டுச் சீட்டுல சும்மா அழுக்கு, கறை பட்டிருந்தா ஒண்ணும் இல்ல, அந்த ஓட்டுச் செல்லும். அன்னைக்கு எண்ணுனவங்க கறைன்னுதான் விட்டிருக்காங்க. ஆனா போட்டது இன்னாருதான்னு கண்டுபிடிக்கிற மாதிரி குறி இருந்தா, அந்த ஓட்டுச் செல்லாது. "இந்தப் பொட்டு யாரு வைக்கிறதுன்னு சொல்ல ஆளு இருந்தா இது செல்லாதுண்ணே, நீங்க ஒரு ஓட்டுல தலைவர். மத்தியானம் உங்களைக் கூண்டுல ஏத்தி ஒரே ஒரு கேள்வி கேக்கப் போறேன்"னாரு. சொல்லிட்டு இந்தக் கட்டைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு சார். நாலு வருஷமா அவரு கையில இதே மஞ்சள்தானே ஒட்டுது. மெதுவாக் கேக்குறாரு, "சொல்லிருவீங்களாண்ணே?"

நீங்களே சொல்லுங்க. நான் என்ன செய்ய? இன்னாரு வச்ச பொட்டுன்னு சொன்னாத்தான் ஜெயிப்பேன். சொன்னா, ரெண்டு வேன் ஜனத்துக்கு முன்னாடி, என் பொண்டாட்டி எனக்கு ஓட்டுப் போடலன்னு நானே சொன்னதாகும். நாளைக்கு அந்தத் தலைவர் நாற்காலியில உக்காந்தா ஒவ்வொருத்தன் மூஞ்சியிலயும் அதுதானே தெரியும். சொல்லலேன்னா சமம், சீட்டுக் குலுக்கி எடுப்பாங்களாம். அதுல தோத்தா நாலு வருஷமும் மண்ணு. சரி, எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவோம், கேஸே வேணாம்னு எழுதிக் குடுப்போம்னாலும் முடியாதாம், பெட்டியைத் திறந்தாச்சு, முடிவு சொல்லாம அம்மா விடமாட்டாங்களாம். எல்லாப் பக்கமும் நானே அடைச்சு வச்சிருக்கேன் சார்.

சாப்பாட்டுக்கு விட்டதும் நேரா அந்த மரத்தடிக்குப் போனேன். இவ தூக்குவாளியத் திறந்து தயிர்சாதம் எடுத்து வைக்கிறா. என்னமோ ஒண்ணும் நடக்காத மாதிரி. இந்தக் கட்டை மடியில போட்டு, மூலையத் தொட்டுக் காட்டி, "இதே பொட்டு ஏணி ஓட்டுல இருக்குடி"ன்னேன். தலையக் குனிவா, அழுவான்னு பாத்தேன். அழல. "ஆமா, நான் போட்டது"ன்னா. "ஏன்டி?"ன்னேன். ஊறுகாய எடுத்து ஓரத்துல வச்சா. அப்புறம், "அவரு வந்து கேட்டாரு. நீங்க கேக்கலையே"ன்னா.

கேக்கணுமாம் சார். கட்டுன பொண்டாட்டிகிட்ட கும்பிட்டுக் கேக்கணுமாம். என்ன குறை வச்சேன் இவளுக்கு? அவனுக்குப் போட்டதே பெருசு, அதுக்கு மங்களம் வேற. நான் மனு போடுற பேப்பருக்கு வச்ச அதே பொட்டை அவன் ஏணிக்கும் வச்சிருக்கா. எந்த சாமிதான் எந்தப் பக்கம் நிக்கும்?

"அந்த ஓட்டைச் செல்லாததாக்கப் போறோம் பாரு"ன்னேன், ஆத்திரத்துல. அப்பதான் நிமிந்து பாத்தா. "ஏன் செல்லாது? நான் நல்லாத்தானே குத்துனேன். என் ஓட்டுல்ல அது? செல்லாதுன்னு சொல்ல நீங்க யாரு?"ன்னா. இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல சார். எனக்கு வந்த கோவத்துக்கு, நீ பேசாம சாப்பிடுன்னுட்டு எந்திரிச்சு இங்க வந்து உக்காந்துட்டேன். சட்டத்தை அவகிட்ட விளக்கிச் சொல்லல. என்னத்தைச் சொல்ல? அவளுக்கு என்ன புரியும்?

மணி அடிக்கிறாங்க. அம்மா வந்துட்டாங்க போல. மனுதாரரைக் கூப்பிட்டப்புறம்தான் நான் உள்ள போகணும், சாட்சி சொல்றவன் முன்னாடியே போயி உக்காரக் கூடாதாம். ஜனம்லாம் உள்ள போகுது பாருங்க. அவங்க போலாம், அது நான் வாங்குன ஆர்டரு.

இவ எதுக்கு எந்திரிக்கிறா? காலையில இருந்து உள்ள எட்டிப் பாக்காதவ. தூக்குவாளிய மூடி அப்பிடியே மரத்தடியில வச்சுட்டா. சேலையச் சரி பண்றா. வாசலுக்குத்தான் போறா சார். அங்க போலீஸ்காரம்மா நிப்பாட்டுது. எங்க ஊரு வாக்காளரான்னு கேக்கும். இந்தா, சுருக்குப்பையில இருந்து எடுத்துக் காட்டுறா, வாக்காளர் அட்டை. அதுலயும் பொட்டு வச்சிருக்கா, பிளாஸ்டிக்குலகூட.

சார், இவ போயி, அது என் ஓட்டு, செல்லணும்னு சொல்லப் போறா. சொல்லத்தான் போறா, அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். தன்னோடதுன்னு அவ வாயால சொன்னா அந்த நிமிஷமே அது செல்லாது. அவளுக்குத் தெரியாது சார். நான் சொல்லலயே. நான் கூண்டுல ஏற வேண்டியதே இல்ல, அவ வாயத் திறந்தா நான் ஜெயிச்சுருவேன்.

இருங்க. ஒரு நிமிஷம்.

அன்னக்கொடி. ஏய், அன்னக்கொடி. நில்லு. உள்ள போயி ஒண்ணும் பேசாத. கேக்குதா, பேசாத. பேசுனா ஒன் ஓட்டுச் செல்லாமப் போயிரும். பேசாம இரு.

பாத்தீங்களா சார்? திரும்பி ஒரு பார்வை பாத்தா பாத்தீங்களா? போயிட்டா. நான் எப்பவும் சொல்றதைத்தான் சொல்றேன்னு நினைச்சுட்டா. பேசாம இருன்னு சொன்னது மட்டும்தான் அவ காதுல விழுந்திருக்கும். நெசமாவே அவ ஓட்டுக்காகத்தான் சார் சொன்னேன் இந்தத் தடவ. இல்ல, என் மானத்துக்குத்தான்னு வச்சுக்கங்க, எதுக்கா இருந்தா என்ன? சொன்னது உண்மைதானே.

போலீஸ்காரம்மா, நான் போறேன்மா உள்ள, என் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன். என்னது? மனுதாரரைக் கூப்பிட்டப்புறம்தானா? அதான் அவ போனாளே. ஆமா, அவ வாக்காளரு. தெரியும்மா. ஆர்டர் தெரியும். நான் வாங்குனதுதான்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்.

உள்ள சத்தம் அடங்கிருச்சு, கேக்குதா? பேசுறது அவ குரல்தான். என்ன சொல்றான்னு தெரியல, ஆனா அவ குரல்தான். இவ்வளவு சத்தமாப் பேசுவான்னே எனக்குத் தெரியாது.

இந்தா, போன் அடிக்குது. ஒன்றியம்தான், பேரு தெரியுது பாருங்க. நான் ஜெயிச்சாச்சுன்னு யாரோ உள்ள இருந்து சேதி தட்டிவிட்டிருப்பான். புடிங்க சார், இதை நீங்க எடுங்க. சம்பந்தின்னு கூப்பிடுவாரு. அப்பிடி ஒரு ஆளு இங்க இல்லன்னு சொல்லிருங்க.